தியே குவான் யின்: முதன்முறை வடிப்பவர்களுக்கு ஒரு செய்முறை

சீனாவின் ஃபுஜியான் மாகாணத்திலுள்ள ஆன்ஷி மலைப்பகுதியில் விளையும் தியே குவான் யின், ஊலாங் வகையைச் சேர்ந்த தேயிலையாகும். இலையை ஓரளவுக்கு மட்டும் ஆக்ஸிஜனேற்றம் அடையவிட்டு, சூடேற்றி அதை நிறுத்திவிடுவதால், இது பச்சைத் தேயிலைக்கும் கறுப்புத் தேயிலைக்கும் இடைப்பட்டதாக அமைகிறது. துணியில் மூட்டையாகக் கட்டி, திரும்பத் திரும்பப் பிசைந்து உருட்டுவதால், பொட்டலத்தில் தூளுக்குப் பதிலாக மிளகைவிடச் சற்றுப் பெரிய, கெட்டியான உருண்டைகளே இருக்கும்.

நான் முதன்முறை இதை வழக்கமான டீத்தூளைப் போலவே பாலில் போட்டுக் கொதிக்கவிட்டேன். கிடைத்தது கீரை வெந்த தண்ணீரின் வாசம்தான். ஆகவே பாலையும் சர்க்கரையையும் எடுத்து வைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

இத்தேயிலை இரண்டு விதமாகக் கிடைக்கிறது. உருண்டைகள் பச்சையாக, பூவாசத்துடன் இருந்தால் அது இலேசான வகை. பழுப்பேறி, வறுத்த தானியத்தின் வாசம் வந்தால் அது நெருப்பில் வாட்டிய வகை. கீழே சொல்லும் அளவுகள் இரண்டுக்கும் பொருந்தும்.

சீனர்கள் இதற்குக் கைவான் எனப்படும் மூடியுள்ள பீங்கான் கிண்ணத்தைப் பயன்படுத்துகிறார்கள். அது இல்லையெனில், மூடக்கூடிய சிறிய பீங்கான் கோப்பையும் ஒரு வடிகட்டியும் போதும். 100 மி.லி. தண்ணீருக்கு 5 கிராம் இலை தேவை. தராசு இல்லாதவர்கள், கிண்ணத்தின் அடிப்பரப்பு மறையும் அளவுக்கு உருண்டைகளைப் போட்டால் ஏறத்தாழச் சரியாக இருக்கும். பார்ப்பதற்குக் குறைவாகத் தோன்றினாலும் கூட்டிவிடாதீர்கள், விரிந்தபின் இலை கிண்ணத்தையே நிறைத்துவிடும். உப்பு மிகுந்த ஆழ்குழாய்க் கிணற்று நீர் மணத்தை மங்கவைக்கும் என்பதால், சுத்திகரித்த குடிநீரையே எடுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து, அரை நிமிடம் ஆறவிட்டால் 95 டிகிரி அளவுக்கு வரும். முதலில் அந்த வெந்நீரால் கிண்ணத்தைச் சூடாக்கி, நீரைக் கொட்டிவிட்டு, உலர்ந்த இலையைப் போட்டு மூடி, இலேசாகக் குலுக்கியபின் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். என் அனுபவத்தில், தேயிலையின் குணம் நாக்குக்கு முன்பே மூக்குக்குப் பிடிபடுவது இந்த இடத்தில்தான். அடுத்து வெந்நீர் ஊற்றி, ஐந்து விநாடிகளில் வடித்துக் கொட்டிவிடுங்கள். இது இறுகிய உருண்டைகளை இளக்குவதற்காகச் செய்வது.

இப்போது மீண்டும் ஊற்றி, 25 விநாடிகள் ஊறவிட்டு, ஒரு சொட்டும் தங்காமல் வடியுங்கள். கிண்ணத்தில் நீர் தேங்கினால் அடுத்த ஊறல் கசக்கும். இரண்டாம் முறை இலை விரிந்திருப்பதால் 20 விநாடிகள் போதும். அதன்பின் ஒவ்வொரு முறையும் 10 விநாடிகள் கூட்டிக்கொண்டே சென்றால், அதே இலையில் ஆறேழு முறை வடிக்கலாம். முதல் கோப்பையை வைத்து இதை எடைபோட வேண்டாம். பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான் முழுமையாக இருக்கும்.

சுவைக்கும்போது சிறு மிடறாக, காற்றையும் சேர்த்து உறிஞ்சி, நாக்கெங்கும் பரவவிட்டு விழுங்குங்கள். முதலில் சற்றே துவர்ப்பு தெரியும். சில நொடிகளில், நெல்லிக்காயைத் தின்று தண்ணீர் குடித்தாற்போல, தொண்டையிலிருந்து ஓர் இனிப்பு மேலேறி வரும். இதைச் சீனர்கள் ‘ஹுய் கான்’ என்கிறார்கள். மூடியின் உட்புறத்தையும் ஒவ்வொரு ஊறலிலும் முகர்ந்தால், பூவாசம் எப்படிக் குறைகிறது என்பது விளங்கும்.

கசப்பு மிகுந்தால் இலையைக் குறைக்காமல் நேரத்தை மட்டும் குறையுங்கள்; நீர்த்துப்போனால் நேரத்தைக் கூட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றினால் பிழை எதிலிருந்தது என்பது பிடிபடாது.

கடைசியில் ஊறிய இலை ஒன்றை எடுத்து வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். தடித்த முழு இலையின் விளிம்பு ஆங்காங்கே சிவந்தோ பிய்ந்தோ இருக்கும். மூங்கில் உருளையில் போட்டுச் சுழற்றியபோது நைந்து, ஆக்ஸிஜனேற்றம் தொடங்கிய இடம் அதுதான்.