டிக் டிக் சத்தம் கேட்டதும் கெட்டி ஆயில் ஊற்றாதீர்கள்

கம்பத்திலிருந்து குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் மலை ஏறுகிற வண்டிகளில் லட்சம், ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டியவற்றை நிறையப் பார்க்கலாம். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றும் ஜீப், பழைய ஆம்னி, டீசல் ஸ்விஃப்ட் என்று எதுவாக இருந்தாலும், இன்ஜினில் 'டிக் டிக்' என்று சத்தம் வர ஆரம்பித்தால் மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கிடைக்கும் யோசனை ஒன்றுதான், கெட்டி ஆயில்: "அண்ணே, 20டபிள்யூ-50 ஊத்திருங்க, சத்தம் அடங்கிரும்." பல நேரம் அடங்கவும் செய்யும். அதனால்தான் இந்த யோசனை இன்னும் நடமாடுகிறது. ஆனால் சத்தத்துக்கான காரணம் உள்ளே அப்படியே இருக்கும். அடுத்த தடவை அது தெரிய வரும்போது செலவு பெரிதாக இருக்கும்.

எந்த ஆயில் என்று கேட்பதற்கு முன்னால், இருக்கிற ஆயில் எவ்வளவு என்று பாருங்கள். பழைய வண்டியில் டப்பெட் (வால்வைத் தள்ளித் திறக்கும் பாகம்) சத்தத்துக்கு முதல் காரணம் ஆயில் குறைவுதான். இதிலும் மலையூர்க்காரர்கள் ஒரு தவறு செய்கிறோம். சரிவான வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்க்கிறோம். மூக்கு மேலே தூக்கியிருக்கும் வண்டியில் அளவு கூடவோ குறையவோ காட்டும். சமமான இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் விட்டு, குச்சியைத் துடைத்து மறுபடி விட்டுப் பார்ப்பதே சரி. வளைவுகளில் ஏறும்போது மட்டும் ஆயில் லைட் சிமிட்டுகிறது என்றால் சம்பில், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியில், ஆயில் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். சரிவும் திருப்பமும் சேரும்போது ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கும், பம்பு காற்றை உறிஞ்சும். அதை வயரிங் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள்.

அளவு சரியாக இருந்தால், சத்தம் எப்போது வருகிறது, எங்கிருந்து வருகிறது என்று கவனியுங்கள். காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் சில நொடி டிக் டிக் என்று கேட்டு நின்றுவிட்டால், ராத்திரியில் வடிந்த ஆயில் மேலே வந்து சேரும் நேரம் அது. ஃபில்டருக்குள் ஆயில் திரும்பி வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒன்று இருக்கும். மலிவான போலி ஃபில்டரில் அது சரியாக வேலை செய்யாது. ஆயிலை மாற்றாமல், நல்ல ஃபில்டர் போட்டாலே சில வண்டிகளில் இது தீர்ந்துவிடும். குளிர்ந்த இன்ஜினில் டிக் என்று கேட்டு, சூடானதும் மெல்லக் காணாமல் போனால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு (இன்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) இணைப்பில் இருக்கும் கேஸ்கட்டைப் பாருங்கள். இணைப்பில் கரி படிந்திருந்தால் புகை கசிகிறது என்று அர்த்தம். அதற்கு எந்த ஆயில் ஊற்றியும் பயனில்லை. பெட்ரோல் வண்டியில் இன்ஜெக்டரும் மெல்லிசாக டிக் அடிக்கும், அது இயல்பு. ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் கிணுகிணுவென்று கேட்டால், டப்பெட்டை விடுங்கள், எரிபொருள் முன்கூட்டியே வெடிக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இடம் கண்டுபிடிக்க நீளமான ஸ்க்ரூ டிரைவர் போதும். நுனியை வால்வ் கவர் மேல் வைத்து, பிடியைக் காதோரம் வைத்துக் கேளுங்கள். ஃபேன், பெல்ட் பக்கம் மட்டும் போகாதீர்கள். மேலே தெளிவாகக் கேட்டால் வால்வ் பக்கம். கீழே சம்ப் பக்கம் கனத்த அடியாகக் கேட்டால் கனெக்டிங் ராட் பேரிங். அது பட்டறை வேலை.

அப்புறம், சத்தம் போகவேண்டும் என்று டப்பெட்டை இறுக்கிவிடச் சொல்வது. இதைத்தான் நான் மிகப் பெரிய தவறாக நினைக்கிறேன். திருகு வைத்த டப்பெட்டுக்குக் கம்பெனி சொன்ன இடைவெளி இருக்கிறது. அதை ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்துத்தான் அளக்க வேண்டும், காதை வைத்து அல்ல. கொஞ்சம் லூசான டப்பெட் சத்தம் போடும். அளவுக்கு மேல் இறுக்கிய டப்பெட் சத்தமே போடாது, ஆனால் வால்வ் முழுதாக மூடாமல் சூடேறி எரிந்துபோகும். கேஸுக்கு மாற்றிய பழைய வண்டியில் வால்வ் சீட் தேயும்போது இடைவெளி தானாகவே குறையும். அந்த வண்டி அமைதியாக ஓடினாலும் டப்பெட்டைச் சோதிக்கத்தான் வேண்டும். 1.3 லிட்டர் மல்டிஜெட் டீசல் இன்ஜினில் இருப்பதோ ஹைட்ராலிக் டப்பெட், ஆயில் அழுத்தத்தால் இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும். அங்கே திருகி சரிசெய்ய எதுவுமே இல்லை. அதில் காலையில் கடகடவென்று கேட்டால் டைமிங் செயினையும் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் பார்க்க வேண்டும்.

இப்போது ஆயில். 'டபிள்யூ'வுக்கு முன்னால் உள்ள எண் குளிரில் எப்படி ஓடும் என்பதற்கு, பின்னால் உள்ளது 100 டிகிரி சூட்டில் எவ்வளவு கெட்டி என்பதற்கு. 100 டிகிரியில் 30 கிரேடு 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸ் (கெட்டித்தன்மையின் அளவு) வரை, 50 கிரேடு 16.3 முதல் 21.9 வரை. 5டபிள்யூ-30 கேட்கும் இன்ஜினில் 20டபிள்யூ-50 ஊற்றினால், ஜனவரியில் உறைபனி விழும் மூணாறு மாதிரி இடத்தில் காலையில் மேல் பாகங்களுக்கு ஆயில் போய்ச் சேரத் தாமதமாகும். அந்த நேரத்தில் தேய்மானமும் கூடும். வால்வ் டைமிங்கை ஆயில் அழுத்தத்தால் மாற்றும் புது வகை இன்ஜினுக்கு இது இன்னும் கெடுதல். கார்புரேட்டர் காலத்து இன்ஜினுக்கு வண்டியோடு கொடுத்த புத்தகமே 20டபிள்யூ-50 அனுமதித்தால் தாராளமாக ஊற்றலாம்.

வண்டி ஆயில் குடிக்கிறது, சூடானபின் அழுத்தம் குறைகிறது என்று அளந்து தெரிந்தால், புத்தகம் அனுமதிக்கும் வரை பின் எண்ணை மட்டும் ஒரு படி ஏற்றலாம். 5டபிள்யூ-30க்குப் பதில் 5டபிள்யூ-40. முன் எண்ணைத் தொடாதீர்கள். ஆயில் டப்பாவில் இருக்கும் ஏபிஐ தரக் குறியையும் பாருங்கள்: பெட்ரோலுக்கு 'எஸ்' வரிசை, எஸ்என், எஸ்பி மாதிரி. டீசலுக்கு 'சி' வரிசை. டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள பிஎஸ்-6 டீசலில் விலை குறைவு என்று 'சி' வரிசையின் பழைய தரமான சிஐ-4 ஊற்றினால் சாம்பல் சேர்ந்து அந்த ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

ஆயில் எங்கே போகிறது என்பதற்கு மலையே சோதனைக்கூடம். குமுளியிலிருந்து கியரில் இறங்கி, லோயர் கேம்ப்பில் ஆக்சிலேட்டரைத் தொட்டதும் ஒரு கொத்து நீலப் புகை வந்தால் வால்வ் சீல். ஏறும்போது விடாமல் புகைந்தால் பிஸ்டன் ரிங். சீல் மாற்றுவது சின்ன வேலை, ரிங் என்றால் இன்ஜினை இறக்க வேண்டியிருக்கும். இது தெரியாமல் இரண்டுக்கும் ஒரே ஆயிலை ஊற்றுவது வீண்.

பல வருடம் ஆயில் சரியாக மாற்றாத இன்ஜினில் ஃபிளஷ் (உள்ளே கழுவும் திரவம்) போடாதீர்கள். இளகிய கசடு பம்பின் சல்லடையில் போய் அடைக்கும். நல்ல ஆயிலை 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் கசடு மெல்ல மெல்லக் கரையும். சத்தம் நிறுத்தும் என்று விற்கும் குப்பி மருந்துகளும் வேண்டாம்.

ஏற்றத்தில் கனத்த அடிச்சத்தமும் சிவப்பு ஆயில் லைட்டும் சேர்ந்து வந்தால் அந்த இடத்திலேயே ஓரம் கட்டி அணையுங்கள். இன்ஜினை நிறுத்தியபடி கீழே உருட்டிக்கொண்டு வர நினைக்காதீர்கள். இரண்டு மூன்று மிதிக்குள் பிரேக் பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும், பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். கல் வைத்து டயரை அடைத்து, கட்டி இழுக்க வண்டி வரும்வரை காத்திருங்கள்.