பாய்மரப் படகுக்குச் சத்தம் குறைந்த மோட்டார்

20 அடிப் பாய்மரப் படகின் பின்னால் மாட்டும் மோட்டாருக்கு, படகின் ஒரு டன் எடைக்கு 4 குதிரைத்திறன் போதும். சத்தம் குறைய வேண்டுமானால் தண்ணீரால் குளிரும் ஃபோர்-ஸ்ட்ரோக் மோட்டார் எடுங்கள். காற்றால் குளிரும் சின்ன மோட்டார்கள் காதைத் துளைக்கும். இரட்டை சிலிண்டரில் அதிர்வு இன்னும் குறைவு. ஆனால் 8 குதிரைத்திறன் மோட்டாரே சுமார் 40 கிலோ, அதை மாட்டும் படகின் பின்பலகை தாங்குமா என்று முதலில் பாருங்கள்.

பலரும் கோட்டை விடுவது ஷாஃப்ட் (மோட்டாரிலிருந்து புரொபெல்லர் வரை இறங்கும் தண்டு) நீளத்தில்தான். 15 அங்குல ஷாஃப்ட் என்றால், அலையில் படகு முன்பக்கம் குனிந்ததும் புரொபெல்லர் தண்ணீரைவிட்டு மேலே வந்து 'வீர்ர்' என்று அலறும்; தள்ளும் விசையும் போய்விடும். 20 அங்குலமே வாங்குங்கள்.

மோட்டாரின் பிராக்கெட்டுக்கும் பின்பலகைக்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்தால் பலகை அதிர்வது குறையும். அரை மணி ஓட்டியபின் திருகுகளை மறுபடி இறுக்குங்கள். ரப்பர் அமுங்கினால் மோட்டார் நழுவும். பாதுகாப்புச் சங்கிலியும் கட்டாயம்.