படைக்கிற வரைக்கும் கை சும்மாதானே இருக்கிறது

தீபாவளி அமாவாசைக்கு எங்கள் வீட்டில் கேதார கௌரி நோன்பு. வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, 21 மஞ்சள், நோன்புக் கயிறு. விடியற்காலையில் தலைக்குக் குளித்துவிட்டு அடுப்படியில் நுழைந்தால் வெளியே வர நாலு மணி நேரம் ஆகும். வயிற்றில் ஒன்றுமில்லை. மூக்குக்கு நேராக வெல்லமும் ஏலக்காயும் வேகிற வாசனை. ஆனாலும் ஒரு துணுக்குகூட வாயில் போட்டதில்லை. படைப்பதற்கு முன்னால் ருசி பார்த்தால் எச்சில். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து 27 வருஷம், ஒரு தடவையும் நான் அதை மீறியதில்லை.

சாயங்காலம் கற்பூரம் காட்டி, கயிறு கட்டி, விரதம் விட்டாயிற்று. 2022 தீபாவளிக்கு அப்படி விட்ட கையோடு, தூங்கப் போவதற்குள் பதினோரு அதிரசம் சாப்பிட்டிருக்கிறேன். எண்ணியது நானில்லை, என் மகள்.

அந்த வருஷம் ஆடி மாசத்தில்தான் மூணு மாசச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 8.4 என்று வந்து, மாவுச்சத்தை, அதாவது கார்போஹைட்ரேட்டை, குறைத்துச் சாப்பிட ஆரம்பித்திருந்தேன். வேலூரில் இருந்துகொண்டு சர்க்கரையைப் பார்க்காமல் விட்டது தனி வெட்கம். கொல்கத்தாவிலிருந்தும் அசாமிலிருந்தும் ஜனங்கள் ரயிலேறி காட்பாடியில் வந்து இறங்கி வைத்தியம் பார்த்துக்கொண்டு போகிறார்கள். நான் சத்துவாச்சாரியிலிருந்து டவுன் பஸ்ஸில் போய் ஒரு ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள மூணு வருஷம் ஆனது.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் சொல்லாமல் சோற்றைக் குறைக்காதீர்கள். மாத்திரை அளவு அப்படியே இருந்து மாவுச்சத்து மட்டும் குறைந்தால், சர்க்கரை படுதாழ்வாக இறங்கி மயக்கம் வரலாம். சில மாத்திரைகளோடு இந்தச் சாப்பாட்டு முறை சேரவே சேராது. எனக்கு மாத்திரையைக் குறைத்து, ஒரு நாளைக்கு 60 கிராம் மாவுச்சத்து என்று கணக்குப் போட்டுக் கொடுத்தார்கள். உங்கள் கணக்கு வேறாக இருக்கும்.

சரி, அதிரசத்துக்கு வருகிறேன். பதினொன்று சாப்பிட்ட மறுநாள் படுத்துக்கொண்டு யோசித்தேன். நாலு மணி நேரம் எண்ணெய்ச் சட்டி முன்னால், அதுவும் பசியோடு, அசையாமல் இருந்த அதே கைதானே? சாயங்காலம் மட்டும் அதற்கு என்ன வந்தது? காலையில் எனக்கு ஒரு விதி இருந்தது, அதனால் மனசுக்குள் பேச்சே எழவில்லை. 'ஒன்றே ஒன்று எடுத்தால் என்ன' என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. சாயங்காலம் விதி முடிந்துவிட்டது. அப்புறம் இருந்ததெல்லாம் மனக்கட்டுப்பாடு. மனக்கட்டுப்பாடு என்றால் ஒவ்வொரு அதிரசத்துக்கும் தனித்தனியாக மல்லுக்கட்ட வேண்டும். நாள் முழுக்கப் பட்டினி கிடந்தவளால் பதினோரு சண்டை போட முடியுமா?

அதனால் அந்தக் காலை விதியையே நீட்டிக்கொண்டேன். இப்போது எங்கள் வீட்டில் நோன்பு என்றில்லை, சாதாரண ஞாயிற்றுக்கிழமை தட்டை சுட்டாலும் படையல்தான். முதல் ஈடு ஒரு சின்னத் தட்டில் சாமி அறைக்குப் போகும். கடைசி ஈடு எடுத்து அடுப்பை அணைத்த பிறகுதான் விளக்கேற்றுவேன். அதுவரை என் வாய்க்கு எதுவும் கிடையாது. உப்பு, காரம் பார்க்க வீட்டுக்காரரைக் கூப்பிடுவேன், அவருக்கு அது சந்தோஷம். நோன்பு அன்றைக்கு மட்டும் அவருக்கும் கிடையாது. சாமி கும்பிடாதவர்களுக்கும் இது ஆகும். என் மகன் அந்த ரகம். அவனிடம் சொன்னேன், "முதல் தட்டை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துட்டு வா, அதுக்கப்புறம் தொடு" என்று.

படைத்த பிறகுக்கும் ஒரு விதி வேண்டுமே. எத்தனை என்று முதல் நாளே தினசரி காலண்டர் தாளில் எழுதிவிடுவேன். 'அதிரசம் 2' என்று இருந்தால் இரண்டுதான், வாழையிலைத் துண்டில் வைத்து, உட்கார்ந்து, சாப்பாட்டுக்குப் பிறகு. நின்றுகொண்டு எடுப்பது, டப்பாவிலிருந்து நேராக எடுப்பது, பேரனுக்கு ஊட்டும்போது பாதியைக் கடிப்பது எல்லாம் எச்சில் கணக்கு.

இரண்டு என்று எப்படி முடிவு செய்வது? நீங்களே கணக்குப் போடுங்கள், ஒரே தடவைதான். நான் ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் போடுவேன். பச்சரிசியில் 100 கிராமுக்கு 78 கிராம் போல மாவுச்சத்து. வெல்லம் கிட்டத்தட்ட முழுக்கச் சர்க்கரைதான், 90 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் கூட்டினால் 1,450 கிராமுக்குப் பக்கத்தில் வருகிறது. எனக்கு 60 அதிரசம் வரும். அப்படியானால் ஒன்றுக்கு 24 கிராம். இரண்டு சாப்பிட்டால் ஒரு கிண்ணம் சோறு சாப்பிட்டதைவிடக் கொஞ்சம் கூட. பதினொன்று என்றால் 264, அதாவது என் நாலு நாள் கணக்குக்கும் மேலே. "வெல்லம்தானே, சர்க்கரை இல்லையே" என்று என் ஓர்ப்படி இன்னமும் சொல்கிறாள். வெல்லத்தில் கொஞ்சம் இரும்புச்சத்து உண்டு, வாசனை உண்டு. ரத்தத்துக்குப் போனால் அதுவும் சர்க்கரைதான்.

அதிரசம் செய்வது வருஷத்துக்கு ஒரு தடவை. எனக்கு உண்மையான எதிரி உடைந்த முறுக்கு.

முறுக்கு பிழிகிற எல்லாருக்கும் இது தெரியும். எடுக்கும்போது ஒன்று ஒடியும், அடுக்கும்போது இன்னொன்று. முழுசானது டின்னுக்கு, ஒடிந்தது வாய்க்கு. ஒடிந்ததை யாரும் எண்ணுவதில்லை. இனிப்பும் இல்லையா, சர்க்கரைக்காரிக்குக் கொடுத்த அனுமதிச் சீட்டு மாதிரி ஆகிவிடுகிறது. ஒரு தடவை சோதித்துப் பார்க்கலாம் என்று, வாயில் போட நினைத்த துண்டுகளை எல்லாம் ஒரு கிண்ணத்தில் போட்டு வந்தேன். கடைசியில் நிறுத்தால் 140 கிராம். அரிசி மாவும் உளுந்து மாவும். எண்ணெயைக் கழித்துப் பார்த்தாலும் 70 கிராம் மாவுச்சத்துக்குக் குறையாது. என் ஒரு நாள் கணக்கு முடிந்தது, டின்னில் ஒரு முறுக்கும் குறையாமல்!

இப்போது அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தூக்கு வைத்திருக்கிறேன். ஒடிந்தது எல்லாம் அதற்குள். மூடி இறுக்கமான தூக்கு, திறக்க இரண்டு கையும் வேண்டும், என் கையில் மாவு இருக்கும். அன்றைக்கே எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குப் போய்விடும். வாய் சும்மா இருக்க முடியாமல் பரபரத்தால் ஒரு கிராம்பை ஒதுக்கிக்கொள்வேன். கிராம்பு இருக்கிற வாயில் முறுக்கு போட யாருக்கும் தோன்றாது.

வெறும் வயிற்றோடு சட்டி வைக்காதீர்கள். இதற்குப் பெரிய விளக்கம் தேவையில்லை. இரண்டு முட்டை, இல்லையென்றால் பன்னீரும் கீரையும் சாப்பிட்டுவிட்டு ஆரம்பியுங்கள். நோன்பு அன்றைக்கு அது முடியாது என்பதால் விரதம் விடும் முறையை மாற்றிக்கொண்டேன். முன்பெல்லாம் முதல் வாயே அதிரசம்தான். இப்போது பிரசாதமாக ஒரு விள்ளல், அதோடு சரி. பிறகு ஒரு டம்ளர் மோர், அவரைக்காய்ப் பொரியல், கெட்டித் தயிர், வெங்காயம் போடாத எண்ணெய்க் கத்தரிக்காய். கத்தரிக்காய் இலவம்பாடி முள்ளு கத்தரியாக இருந்தால் பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய். காம்பில் முள் குத்தும், உள்ளே வெண்ணெய். வயிறு நிறைந்தது மூளைக்குத் தெரிய இருபது நிமிஷம் ஆகும் என்கிறார்கள். அதற்குள் இலையை எடுத்துப் போட்டு, பாத்திரம் ஒழித்துவிட்டு வந்து, அப்புறம்தான் அந்த இரண்டு.

காயும் புரதமும் முதலில், மாவு கடைசியில் என்று சாப்பிட்டால் சர்க்கரை ஏறுகிற வேகம் குறையும். வீட்டு மீட்டரில் நானே குத்திப் பார்த்தேன். வெறும் வயிற்றில் இரண்டு அதிரசம், இரண்டு மணி நேரம் கழித்து 238. சாப்பாட்டுக்குப் பிறகு அதே இரண்டு, தெருவில் கால் மணி நேர நடை, 171. ஒரு தடவை பார்த்ததை வைத்துச் சட்டம் எழுத முடியாதுதான். எனக்கு அது போதுமாக இருந்தது.

டின் விஷயம். கண்ணாடி ஜாடி வேண்டவே வேண்டாம். மகள் அழகாக இருக்கிறதென்று சென்னையிலிருந்து நாலு வாங்கி வந்து அடுக்கினாள். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் ரவா லாடு என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன். பழைய எவர்சில்வர் டின்தான் சரி. அதையும் பரணில் ஏற்றிவிட்டேன். முட்டி வலிக்கிறவள் ஒரு லாடுக்காக ஸ்டூல் போட்டு ஏறுவதற்குள் நியாயம் வந்துவிடும். அதைவிட நல்லது டின்னில் வைக்காமலே இருப்பது. நோன்பு முடிந்த ராத்திரியே கொடுத்து முடித்துவிடுகிறேன். பக்கத்து வீட்டு பாய் வீட்டுக்குப் பத்து (பக்ரீத்துக்கு அவர்கள் தூக்குவாளியில் பிரியாணி அனுப்புவார்கள், அது வேறு சோதனை), ஓர்ப்படி வீட்டுக்குப் பத்து, பெங்களூருக்குத் திரும்பும் மகன் பையில் பதினைந்து. 'நாளைக்குக் கொடுக்கலாம்' என்று வைத்தால் நாளைக்கு ஏழுதான் இருக்கும்.

அடுத்தது, நானே வெட்டிய குழி. மாவுச்சத்துக் குறைந்த பலகாரம் என்று மல்லாட்டை உருண்டை செய்தேன். மல்லாட்டை தெரியாத ஊர்க்காரர்களுக்கு, வேர்க்கடலை. வறுத்துப் பொடித்து, தேங்காய்த் துருவல், கொஞ்சம் நெய், வெல்லத்துக்குப் பதில் கடையில் விற்கிற எரித்ரிட்டால் என்ற மாற்று இனிப்பு. ருசி நன்றாகவே இருந்தது. அதுதான் வினை. 'இது எனக்கு அனுமதிக்கப்பட்டது' என்ற நினைப்பில் மத்தியானம் மூணு, டீயோடு இரண்டு, டிவி பார்த்துக்கொண்டே நாலு. ராத்திரி வயிறு கடமுடவென்று புரட்டியது. அந்த இனிப்பு அளவு மீறினால் அப்படித்தான் செய்யும். ஒரு மாசம் இப்படிப் போனதில் எடை ஒரு கிராம் இறங்கவில்லை. இறங்காதுதான். மல்லாட்டையில் 100 கிராமுக்கு மாவுச்சத்து 16 கிராம்தான், அதில் பாதி நார், ஆனால் கொழுப்பு 49 கிராம், 560 கலோரிக்கு மேல். சர்க்கரை மீட்டர் பாராட்டும், தராசு பாராட்டாது.

அதனால் இந்த மாதிரி மாற்றுப் பலகாரத்துக்குத்தான் விதி இன்னும் கடுமையாக வேண்டும் என்பது என் எண்ணம். அதிரசத்திடம் பயம் இருக்கிறது, இதனிடம் இல்லை. நான் இப்போது ஆறு உருண்டைக்கு மேல் பிடிப்பதில்லை. ஒரு கைப்பிடி மல்லாட்டையை வறுத்தால் அதற்கு மேல் வராது. ஆளுக்கு இரண்டு, அன்றைக்கே தீர்ந்தது. அடுத்த உருண்டை வேண்டுமென்றால் மறுபடி வறுத்து, தோல் நீக்கி, பொடிக்க வேண்டும். சோம்பேறித்தனம் என்னைக் காப்பாற்றிய அளவுக்கு வேறு எதுவும் காப்பாற்றியதில்லை.

உறவுக்காரர் வீட்டில் வற்புறுத்துவார்கள். "ஒண்ணு சாப்பிட்டா ஒண்ணும் ஆயிடாதும்மா" என்பார் என் மாமியார், அவருக்கே இருபது வருஷமாகச் சர்க்கரை. சண்டை போடாதீர்கள், சர்க்கரை அளவு, கார்போஹைட்ரேட் என்று பாடமும் எடுக்காதீர்கள். "கொடுங்க அத்தை, ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் சாப்பிடுறேன்" என்று வாங்கி இலையில் மடித்து வைத்துக்கொள்வேன். பொய்யில்லை, காலண்டரில் எழுதிய இரண்டில் அது ஒன்று.

அப்படியும் மீறிப்போகும். போன பொங்கலுக்கு எனக்குப் போனது. சர்க்கரைப் பொங்கல் அதிகமாகி, மறுநாள் காலை தராசில் ஒன்றேகால் கிலோ கூடியிருந்தது. பயந்து பட்டினி கிடக்காதீர்கள், அது கொழுப்பு இல்லை. உடம்பு சர்க்கரையைச் சேமிக்கும்போது ஒரு கிராமுக்கு மூணு கிராம் தண்ணீரையும் சேர்த்தே வைத்துக்கொள்கிறது. மாவுச்சத்துக் குறைந்த உங்கள் வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் நாலைந்து நாளில் வடிந்துவிடும். பட்டினி கிடந்தால் சாயங்காலம் மறுபடியும் நோன்பு விட்ட ராத்திரி கதைதான், எனக்கு நன்றாகத் தெரியும்.

இந்த வருஷத்துக்கு அரிசி ஊறப் போட்டாயிற்று. ஒரு கிலோ இல்லை, அரைக் கிலோ. 30 வரும். அம்மனுக்கு 21 போக மீதி ஒன்பது. படைத்த பிறகு 30-க்கும் யார் யாருக்கு எத்தனை என்று தாளில் எழுதிவிட்டேன். போனில் கேட்டுவிட்டு ஓர்ப்படி, "அரைக் கிலோவா? எங்க வீட்டுக்குப் பத்து வரணும், குறைஞ்சா நானே வந்து சுடுவேன்" என்றாள். வரட்டும், சட்டி முன்னால் அவளை உட்கார வைத்துவிட்டு நான் மஞ்சளை எண்ணிக்கொண்டிருப்பேன்.