லிமாவில் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூட்டமாகக் கிளம்பும் முன்

செவிச்சேயை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளாதீர்கள், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். எலுமிச்சைச் சாற்றில் ஊறிய அந்தப் பச்சை மீன் பெரு நாட்டுக்காரர்களுக்கு மதியச் சாப்பாடு. காலையில் வந்த மீன் அன்று மதியமே தீர்ந்துவிட வேண்டும் என்பது பழைய கணக்கு, அதனால் பல கடைகள் நாலு, ஐந்து மணிக்கே மூடிவிடும். நாங்கள் நாலு பேரும் ஏழு மணிக்குப் பசியோடு போய் நின்றோம். ஷட்டர்தான் வரவேற்றது.

சரி, ராத்திரிக்கு என்ன? ஒரே ஓட்டலில் உட்கார்ந்து வயிற்றை நிரப்பிவிடாமல் மூன்று இடமாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதலில் தெருவோர அடுப்பு. அன்டிகுச்சோ என்றால் மாட்டு இதயத்தைத் துண்டு போட்டு, பூண்டு, சீரகம், வினிகர், காய்ந்த சிவப்பு மிளகாய் விழுதில் ஊறவைத்து, குச்சியில் குத்திக் கரியில் சுடுவது. சுடுகிற அம்மா சோள மட்டையைக் கிழித்துக் கட்டிய தூரிகையால் மசாலாவை மேலே அடித்துக்கொண்டே இருப்பார். ஒவ்வொரு அடிக்கும் தீ குப்பென்று எழும்பும். கூடவே அவித்த உருளைக்கிழங்கும் சோளமும் வரும். இதயம் ரப்பர் மாதிரி இருக்கும் என்று பயந்தவன்தான் எங்களில் இரண்டாவது குச்சி கேட்டான். ஆளுக்கு ஒன்று போதும், அடுத்த இடம் பாக்கி இருக்கிறது. மாட்டுக்கறி சாப்பிடாதவர்கள் கோழி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

அடுத்தது சீஃபா, அதாவது பெருவின் சீனச் சாப்பாட்டுக் கடை. 1849 முதல் கூலி வேலைக்கு வந்து இறங்கிய சீனர்களின் சமையலும் உள்ளூர்ச் சமையலும் கலந்து உருவானது. அளவு தாராளமாக இருக்கும், ஒரு தட்டு சௌஃபாவை, அதாவது அவர்களுடைய ஃப்ரைடு ரைஸை, இரண்டு பேர் சாப்பிடலாம், அதனால் ஆளுக்கொன்று சொல்லாமல் நடுவில் வைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள். ஸ்பானிஷில் 'பாரா கொம்பார்திர்' (பகிர்ந்துகொள்ள) என்றால் புரிந்துகொள்வார்கள். முட்டை வேண்டாம் என்று சொன்னால் சைவக்காரர்களும் காய்கறி சௌஃபாவை வைத்துத் தப்பிக்கலாம். வான்டான் என்ற பொரித்த மாவுப் பொட்டலத்துக்குத் தொட்டுக்கொள்ள வரும் சாஸுக்குப் பெயர் புளிச் சாஸ். நம் புளிக்குழம்பை நினைத்துத் தொட்டால் ஏமாந்துபோவீர்கள், அப்படி இனிக்கும்.

இரண்டு எச்சரிக்கை. மேசையில் குடைமிளகாய் மாதிரி குண்டாக, சிவப்பாக ஒன்று நறுக்கி வைத்திருந்தால் அது ரொகோட்டோ என்ற கடும் கார மிளகாய். ஆந்திரா ஊறுகாயை அசராமல் சாப்பிடும் நண்பர் அதைக் கடித்துவிட்டு ஐந்து நிமிடம் பேசவில்லை. அப்புறம் பிஸ்கோ சவர். முட்டை வெள்ளைக்கரு நுரையும் எலுமிச்சைப் புளிப்புமாக ஜூஸ் போல இறங்கும், ஆனால் உள்ளே இருப்பது திராட்சையிலிருந்து வடித்த கடும் சாராயம், வெறும் வயிற்றில் வேண்டாம். குடிக்காதவர்களுக்கு ஊதாச் சோளத்தைக் காய்ச்சிய சீச்சா மொராடா இருக்கிறது, எனக்கென்னவோ அதுதான் பிடித்தது.

பில் வந்ததும் 'செர்விசியோ' (சர்வீஸ் சார்ஜ்) என்று ஏதாவது சேர்த்திருக்கிறார்களா பாருங்கள். இல்லையென்றால் நல்ல கடையில் பத்து சதவீதம் வைப்பது வழக்கம்.

கடைசியாக இனிப்புக்கு லிமாவின் மிராஃப்ளோரஸ் பகுதியில் இருக்கும் கென்னடி பூங்காப் பக்கம் நடந்தே போங்கள், அதற்குள் கொஞ்சம் செரித்துவிடும். அங்கே கிடைக்கும் பிக்கரோனஸ் பார்க்க உளுந்து வடையேதான், நடுவில் ஓட்டை உட்பட. ஆனால் மாவு சர்க்கரைவள்ளிக்கிழங்கும் பூசணியும். கையாலேயே வளையம் போட்டு எண்ணெயில் விட்டு, குச்சியால் திருப்பி எடுத்து, மேலே வெல்லப்பாகு ஊற்றித் தருவார்கள். பாகு விரலெல்லாம் ஒட்டும், டிஷ்யூ நிறைய எடுத்துக்கொள்ளுங்கள்.