ஆர்கனாய்டில் ஸ்பைக் பதிவு: திரையில் துள்ளுவதெல்லாம் நியூரான் அல்ல

ஸ்டெம் செல்லிலிருந்து ஆய்வகத்தில் வளர்த்த மூளைத் திசு உருண்டைதான் மூளை ஆர்கனாய்டு. அதை எம்.இ.ஏ. என்கிற பல மின்முனைச் சிப்பில் வைத்ததும் திரையில் கோடுகள் துள்ளும். துள்ளுவது நியூரானின் மின்துடிப்பா (ஸ்பைக்), சுவர் பிளக்கிலிருந்து வரும் இரைச்சலா என்று பிரித்துக் காட்டத் தெரியாவிட்டால் அந்தப் பதிவால் பயனில்லை.

மூன்று மாதம் ஆகாத ஆர்கனாய்டை எடுக்க வேண்டாம். தனித்தனி ஸ்பைக் கிடைக்கலாம். பல நியூரான்கள் ஒருசேரத் துடிக்கும் பர்ஸ்ட் அரிது. வளர்ப்பு மீடியத்திலேயே பதிவு செய்வதும் தவறு. டி.எம்.இ.எம்./எஃப்12, நியூரோபேசல் இரண்டும் செல்லை வாழவைக்கும், ஆனால் அதன் மின் இயக்கத்தை அமுக்கும். இரண்டு வாரம் முன்பிருந்தே, ஒவ்வொரு முறையும் பாதி மீடியத்தை மட்டும் மாற்றி, நியூரானின் மின் இயக்கத்துக்கென்றே அமைந்த பிரெயின்ஃபிஸ் மீடியத்துக்குக் கொண்டுவாருங்கள்.

முழு உருண்டையாக வைத்தால் சில மின்முனைகளில்தான் படும். தவிர, ரத்தக்குழாய் இல்லாததால் பெரிய ஆர்கனாய்டின் நடுப்பகுதி ஆக்சிஜன் எட்டாமல் செத்திருக்கும். 3 சதவீத லோ-மெல்ட் அகரோஸை (குறைந்த சூட்டில் உருகும் ஜெல்) 38 டிகிரி அளவுக்கு ஆறவிட்டு, அதில் பதித்து, வைப்ரடோமில் (அதிரும் பிளேடால் அறுக்கும் கருவி) 300 மைக்ரோமீட்டர் தடிமனில் அறுங்கள்.

சிப்புக்கு 60 மின்முனை, 200 மைக்ரோமீட்டர் இடைவெளி போதும். துண்டு ஒட்டுவதற்கான பூச்சு: பாலி-டி-லைசின் மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம், 37 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு கிருமி நீக்கிய நீரில் மூன்று முறை கழுவ வேண்டும்; ஒட்டாமல் மிஞ்சும் பாலி-லைசின் செல்லுக்கு விஷம். அதன்மேல் லேமினின் 20 மைக்ரோகிராம், இன்னொரு மணி நேரம், காயவிடாமல்.

பெரும்பாலும் சொதப்புவது அடுத்த கட்டத்தில்தான். துண்டை மின்முனைகளின் மேல் இறக்கியதும் சுற்றியுள்ள திரவத்தை மெல்லிய படலம் மட்டும் மிஞ்சும்வரை உறிஞ்சுங்கள். பரப்பு இழுவிசையே துண்டைக் கீழே அழுத்திப் பிடிக்கும். இன்குபேட்டரில் இரண்டு மணி நேரம் கழித்து, சிப்பில் மீடியத்தைத் தாங்கும் வளையத்தின் ஓரமாக 100 மைக்ரோலிட்டர் சொட்டுங்கள். ஒரேயடியாக 1 மில்லிலிட்டர் ஊற்றினால் துண்டு மிதந்துவிடும், மறுபடி ஒட்டாது. மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபடி சிப்பை லேசாகச் சாய்த்தால் துண்டின் விளிம்பு அசையக் கூடாது. ஒரு வாரம் கழித்துப் பதிவு செய்யலாம்.

இன்குபேட்டரின் ஈரத்திலிருந்து ஏர்கோன் அறைக்கு வந்ததும் சிப்பின் ஓரத் தொடுமுனைகளில் நீர் படியும். 70 சதவீத எத்தனாலில் துடைத்துக் காயவைத்துவிட்டே ஆம்ப்ளிஃபையரில் பொருத்துங்கள். 37 டிகிரி, 5 சதவீதக் கார்பன் டை ஆக்சைடு. பத்து நிமிடம் அடங்கவிட்டு, 20 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வேகத்தில் பத்து நிமிடம் பதியுங்கள். ஸ்பைக்குக்கு 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரையிலான வடிகட்டி, இரைச்சலின் திட்ட விலக்கத்தைப் போல் ஐந்து மடங்கு வாசல் அளவு (அதைத் தாண்டினால்தான் ஸ்பைக்).

மலேசியாவில் நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். பதிவின் அதிர்வெண் வரைபடத்தில் 50, 100, 150-இல் கூர்முனைகள் தெரிந்தால் எர்த் சுற்று (கருவிகளின் எர்த் இணைப்புகள் வளையமாகி இரைச்சலை ஏற்றுவது) இருக்கிறது: எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் சொருகுங்கள், மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டாதீர்கள். கோலாலம்பூரில் பிற்பகல் இடிமழை அடிக்கடி வரும். முக்கியமான பதிவைக் காலையிலேயே முடிப்பது நல்லது. மின்னல் எல்லா மின்முனைகளிலும் அச்சு அசலாக ஒரே கணத்தில் விழும். நிஜமான பர்ஸ்ட் அப்படி வராது, மின்முனைக்கு மின்முனை சில மில்லிசெகண்ட் முன்பின்னாகத்தான் வரும். இந்த ஒரு வித்தியாசத்தைப் பெரிதாக்கிப் பார்க்கப் பழகினால் போலிகளில் பெரும்பகுதி கழிந்துவிடும்.

மீதிக்கு மருந்துச் சோதனை. நியூரான்களுக்கிடையேயான குளூட்டமேட் சைகையைத் தடுக்கும் சி.என்.கியூ.எக்ஸ். 20, ஏ.பி.5 50 மைக்ரோமோலார் சேர்த்தால் கூட்டு பர்ஸ்ட் அடங்கி, தனி ஸ்பைக் தொடர வேண்டும். கடைசியாக டி.டி.எக்ஸ். (டெட்ரோடோடாக்சின்): 1 மில்லிமோலார் கரைசலில் 1 மைக்ரோலிட்டரை, வளையத்திலிருந்தே எடுத்த 100 மைக்ரோலிட்டர் மீடியத்தில் கலந்து திரும்ப விடுங்கள், வளையத்தில் மொத்தம் 1 மில்லிலிட்டர் இருந்தால் அது 1 மைக்ரோமோலார். சோடியம் வாயில்கள் அடைபட்டு ஸ்பைக் நின்றுவிட வேண்டும். அதற்குப் பிறகும் துள்ளினால் அது நியூரானாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு, முதலில் வயரைத் தேடுங்கள்.

டி.டி.எக்ஸ். இங்கே இக்கான் புந்தால் என்கிற பேத்தை மீனின் விஷம். மாற்று மருந்து கிடையாது. கையுறை கட்டாயம். மூன்று முறை கழுவியபின் ஸ்பைக் திரும்புகிறதா என்றும் பதியுங்கள்: திரும்பாவிட்டால் அடங்கியது மருந்தாலா, துண்டு செத்ததாலா என்று சொல்ல வழியில்லை. கழுவிய திரவத்தைச் சிங்கில் கொட்டாமல் ரசாயனக் கழிவுப் போத்தலில் சேருங்கள்.