4294967297: பெரிய எண்ணில் செய்யும் தவறுகள்

இந்த எண்ணில் முதல் தவறு வாசிக்கும்போதே நேர்கிறது. 4,294,967,297 என்று மும்மூன்று இலக்கமாகப் பிரித்து எழுதியிருந்தால், முதல் காற்புள்ளியைக் கோடிக்கு உரியதாக எண்ணி 'நான்கு கோடி' என்று தொடங்கிவிடுகிறோம். சரியாகப் படித்தால் அது நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. அடுக்கு வடிவிலும் கவனம் வேண்டும். 2-இன் அடுக்காக 32-ஐ வைத்து 1 கூட்டினால் இவ்வெண் கிடைக்கிறது. அந்த 32-உம் 2-இன் ஐந்தாம் அடுக்குதான் என்பதால், அடுக்கின் மேல் அடுக்காக எழுதும்போது மேலிருந்து கணக்கிட வேண்டும்; கீழிருந்து தொடங்கினால் 4-இன் ஐந்தாம் அடுக்கு, அதாவது வெறும் 1024, வந்து நிற்கும்.

இவற்றைவிடப் பெரிய தவறு, இதைப் பகா எண் என்று முடிவு கட்டுவது. இதே அமைப்பில், அதாவது 2-இன் அடுக்காக 1, 2, 4, 8, 16 ஆகியவற்றை வைத்து 1 கூட்டினால், முன்னால் வரும் 3, 5, 17, 257, 65537 ஆகிய ஐந்தும் பகா எண்கள் என்பதால், அடுத்தவையும் அப்படியே இருக்கும் என்று 1640-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா நம்பினார். ஐந்து எடுத்துக்காட்டுகள் ஒரு நிரூபணம் ஆகா. 1732-இல் கணித அறிஞர் ஆய்லர் இவ்வெண்ணை 641 × 6700417 என்று பிரித்துக் காட்டினார்.

இலக்கங்களின் கூட்டுத்தொகை 59, ஆகவே 3-ஆல் வகுபடாது. 7, 11, 13 ஆகியவற்றாலும் வகுபடாது. அத்துடன் நிறுத்திவிடுவது பலர் செய்யும் பிழை. வர்க்கமூலம் 65536-ஐச் சற்றே தாண்டுவதால், அதுவரை உள்ள 6542 பகா எண்களையும் சோதித்தால்தான் முடிவு சொல்ல முடியும். அத்தனையையும் கண்மூடித்தனமாக வகுத்துக்கொண்டிருக்கவும் தேவையில்லை. இதன் பகாக் காரணி எதுவாயினும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வரவேண்டும் என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. அந்த நிபந்தனைக்கு உட்படும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வருவதால், ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைக்கிறது.

வகுக்காமலும் இதைக் காணலாம். 641 என்பது 5 × 128 + 1. அதுவே 5-இன் நான்காம் அடுக்கான 625-உடன் 16-ஐக் கூட்டியதும் ஆகும். ஆகவே 641-ஆல் வகுக்கும்போது வரும் மீதியை மட்டும் பார்த்தால், 5 × 128 என்பது −1-க்கும், 625 என்பது −16-க்கும் சமம். அதை நான்காம் அடுக்குக்கு உயர்த்தி, 625-க்குப் பதிலாக −16-ஐ இட்டால், 2-இன் 32-ஆம் அடுக்கு −1 ஆகிறது. 1 கூட்டினால் மீதி பூச்சியம். தாளில் ஒருமுறை எழுதிப் பார்த்தால் இதன் அழகு புரியும்.

கணினிச் சோதனையை அப்படியே நம்புவதும் தவறே. ஃபெர்மா சோதனை என்பது, ஓர் அடியை, சோதிக்கும் எண்ணைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு உயர்த்தி, அந்த எண்ணால் வகுத்தால் மீதி 1 வருகிறதா என்று பார்ப்பது. 2-ஐ அடியாகக் கொண்டால் அதில் இவ்வெண் பகா எண் போலவே தேறிவிடும். 3-ஐ அடியாக வைத்தால் அகப்பட்டுவிடும். மேலும், கூட்டல், கழித்தல் குறிக்கு இடம் ஒதுக்காத (குறியற்ற) 32 பிட் (0 அல்லது 1 என்ற இரும இலக்கம்) இடத்தில் இதைச் சேமித்தால், 33-ஆவது பிட் வெட்டுப்பட்டு மிஞ்சுவது 1 மட்டுமே. அதன்பின் நாம் எந்தச் சோதனையைச் செய்தாலும், அது வேறோர் எண்ணைப் பற்றிய சோதனையாகவே இருக்கும்.