சேரிடம் கடிதம் கேட்கப் போவதற்கு முன்

எலெக்டிவ் (மாணவராக இருக்கும்போது வேறு வைத்தியசாலையில் செய்கிற குறுகிய பயிற்சி) ஒன்றுக்கு விண்ணப்பிக்க நான் முதன்முதலாகக் கேட்டு வாங்கிய பரிந்துரைக் கடிதம் மொத்தம் ஐந்து வரி. நேரத்துக்கு வருவார், கடின உழைப்பாளி, எல்லோருடனும் நன்றாகப் பழகுவார், எதிர்காலம் சிறக்க வாழ்த்துகிறேன். அதே கிழமை அதே நிபுணர் சேரிடம் என் நண்பன் வாங்கியதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெயர் மட்டும்தான் வேறு, அதிலும் மூன்றாவது வரியில் அவனைப் பெண்ணாக்கி 'ஷீ' என்று போட்டிருந்தது. சேரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கிளினிக்கில் நூறு பேர் காத்திருக்கும்போது இரண்டு பொடியன்கள் வந்து நின்றால் மனுசன் வேறு என்னத்தை எழுதுவார்.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ அம்பாறையிலோ உள்ளகப் பயிற்சி செய்துகொண்டு, அமெரிக்க ரெசிடென்சிக்கு (பட்டத்துக்குப் பிந்திய நிபுணத்துவப் பயிற்சிக்கு) படிக்கிற தம்பி தங்கச்சிமார் இப்போது அடிக்கடி கேட்கிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். அமெரிக்க வைத்திய உரிமப் பரீட்சையின் முதல் கட்டமான ஸ்டெப் 1-க்கு 2022 ஜனவரியிலிருந்து புள்ளி கிடையாது, பாஸ் அல்லது ஃபெயில் மட்டும்தான். அதனால் விண்ணப்பத்தைப் பார்க்கிறவர் உங்களை அடுத்தவரிடமிருந்து பிரித்தறிய இருக்கிற கொஞ்ச வழிகளில் இந்தக் கடிதமும் ஒன்று. நம் ஊரில் நற்சான்றிதழ் என்றால் கிராம சேவகர் தருகிற தாள் மாதிரி, குற்றம் ஒன்றும் இல்லை என்று எழுதினால் போதும். அங்கே 'நல்ல பிள்ளை' என்று மட்டும் எழுதியிருந்தால், சொல்வதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை என்றுதான் வாசிப்பார்கள்.

முதலாவது வேலை யாரிடம் கேட்பது என்று தெரிவு செய்வது. பெரிய பேர் உள்ள பேராசிரியரா, உங்களை ஆறு மாதம் தினமும் ரவுண்டில் பார்த்த நிபுணரா என்று வந்தால் இரண்டாமவரிடம் போங்கள். நீங்கள் போக நினைப்பது உள்மருத்துவம் என்றால் மருத்துவ வாட்டில் உங்களைக் கண்டவர் கட்டாயம் வேண்டும், சத்திரசிகிச்சை சேரின் கடிதம் எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் அது துணைக்குத்தான்.

அடுத்தது, அவருக்கு எழுதுவதற்கு ஏதாவது இருக்க வேண்டும். அதற்கான வேலை கடிதம் கேட்பதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வாட்டில் நடக்கிறது. அறுவடைக் காலத்தில் வயலில் புடையன் பாம்பு கடித்த ஒருவரை இரவு இரண்டு மணிக்குக் கொண்டுவருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு சுத்தமான கண்ணாடிக் குழாயில் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துச் சரித்துப் பார்க்கிறீர்கள், உறையவில்லை, அதாவது விஷம் ஏறியிருக்கிறது, சேருக்குக் கோல் எடுத்துச் சொல்லிவிட்டு விஷமுறிப்பு மருந்தைத் தொடங்கி, ஒவ்வாமை வருகிறதா என்று கட்டில் பக்கத்திலேயே நிற்கிறீர்கள். காலையில் ரவுண்டில் அந்தக் கேஸை நீங்களே சொல்லுங்கள், ரெஜிஸ்ட்ராரிடம் விட்டுவிட்டுப் பின்வரிசையில் ஒளிய வேண்டாம். பெரிய ஆய்வுகூடமெல்லாம் இல்லாத இடத்தில் ஒரு குழாயையும் கடிகாரத்தையும் வைத்து இவர் முடிவெடுத்தார் என்று ஒரு பந்தி வந்தால், வாசிக்கிற அமெரிக்க வைத்தியருக்கு அது மறக்காது. தமிழிலும் சிங்களத்திலும் நோயாளியிடம் கதைத்துச் சம்மதம் வாங்குகிறீர்கள் என்றால் அதுவும் எழுதத் தக்கதுதான், நமக்கு அது தினப்படி வேலை என்பதால் யாரும் சொல்ல நினைப்பதில்லை.

நான் ஒரு சின்னக் கொப்பி வைத்திருந்தேன். திகதி, நோய், நான் என்ன செய்தேன், சேர் என்ன சொன்னார், அவ்வளவுதான். நோயாளியின் பெயரோ கட்டில் இலக்கமோ எழுதக் கூடாது.

கேட்கும்போது நேரில் போய்க் கேளுங்கள். ரவுண்டுக்கு நடுவில் வேண்டாம், கிளினிக் முடிந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம் பாருங்கள். "சேர், ஒரு லெட்டர் தருவீங்களா?" என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார், அதில்தான் சிக்கல். "சேர், என்னைப் பற்றி உறுதியா எழுதுற அளவுக்கு என்ட வேலையப் பார்த்திருக்கிறீங்கள் என்று நினைக்கிறீங்களா? இல்லாட்டியும் பரவாயில்ல, ஃபீட்பேக் சொன்னா காணும்" என்று கேளுங்கள். அவர் கொஞ்சம் இழுத்தாலோ "மறுகா பார்ப்பம்" என்றாலோ நன்றி சொல்லிவிட்டு அடுத்தவரைத் தேடுங்கள். மனம் நோகும்தான், ஆனால் அரைமனதாக எழுதிய கடிதத்தைத் தூக்கிக்கொண்டு போவதை விட இது எவ்வளவோ மேல்.

சம்மதித்தால் அன்றைக்கே ஒரு கோப்பைக் கொடுங்கள். உங்கள் சீவி, நீங்கள் ஏன் இந்தத் துறைக்குப் போகிறீர்கள் என்று ஒரு பக்கம், கொப்பியிலிருந்து பொறுக்கிய நாலைந்து சம்பவம், கடைசித் திகதி. எத்தனை மாதம் எந்த வகையில் உங்களைத் தெரியும், தான் பார்த்த மற்ற இன்டேர்ன்மாரோடு ஒப்பிட்டால் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்பதைச் சேர்த்தால் நல்லது என்று பணிவாகச் சொல்லலாம், அங்கே அந்த ஒப்பீட்டைத்தான் தேடுவார்கள்.

இனி எல்லோருக்கும் வருகிற பிரச்சினை: "நீயே எழுதிக்கொண்டு வா, நான் சைன் பண்ணித் தாறன்." நேர்மை ஒரு பக்கம் இருக்கட்டும், நாமே எழுதினால் நம்மைப் பற்றி வெட்கப்பட்டு அதே ஐந்து வரியைத்தான் எழுதுவோம், எல்லாக் கடிதமும் ஒரே ஆள் எழுதிய மாதிரி வேறு இருக்கும். நேரே மறுக்கவும் வேண்டாம். "சேர், லெட்டரை நான் பார்க்கக் கூடாது என்று ஃபோர்மில கையொப்பம் வைக்கிறன், பொயின்ட்ஸ் எல்லாம் எழுதித் தாறன், நீங்கள் உங்கட சொல்லில எழுதுங்கோ" என்று சொல்லுங்கள். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்பதை நீங்கள்தான் தெரிவு செய்ய வேண்டும், தெரிவு செய்யுங்கள். விட்டுக்கொடுக்காத கடிதத்தைப் பார்க்கிறவர் முழுதாக நம்ப மாட்டார்.

அமெரிக்க வைத்தியர்களின் கடிதத்தையும் பல புரோகிராம்கள் (ரெசிடென்சிப் பயிற்சி தருகிற இடங்கள்) எதிர்பார்க்கின்றன. அதற்கு எலெக்டிவ் அல்லது ஒப்சர்வர்ஷிப் போக வேண்டும். நோயாளியைத் தொட்டு வேலை செய்கிற வாய்ப்பு மாணவராக இருக்கும்போதுதான் கூடுதலாகக் கிடைக்கும், பட்டம் வாங்கிய பிறகு பெரும்பாலும் பின்னால் நின்று பார்ப்பதுதான். நான்கு கிழமை என்றால் முதல் கிழமையே உங்கள் நோக்கத்தைச் சொல்லிவிடுங்கள், இரண்டாம் கிழமை முடிவில் எதைத் திருத்த வேண்டும் என்று கேளுங்கள், கடைசிக் கிழமையில் கடிதம் கேளுங்கள். ஊருக்கு வந்து ஈமெயில் போட்டால் உங்கள் முகம் அவருக்கு ஞாபகம் இருக்காது.

ஈராஸ் (ரெசிடென்சிக்கு விண்ணப்பிக்கிற இணையத்தளம்) பக்கத்து வேலை சின்னது, ஆனால் நம் ஆட்கள் அதில்தான் தடுக்கி விழுகிறார்கள். கடிதத்தை நீங்கள் வாங்கி அனுப்ப முடியாது. அதில் உங்கள் கணக்கான மைஈராஸில் எழுதுபவரின் விபரத்தைப் பதிந்தால் ஒவ்வொரு கடிதத்துக்கும் தனி இலக்கத்தோடு ஒரு கோரிக்கைப் படிவம் வரும், அதை அவருக்குக் கொடுக்க வேண்டும், அவரோ அவர் நியமிக்கும் ஒருவரோ அந்த இலக்கத்தை வைத்துத் தளத்தில் ஏற்ற வேண்டும். வைத்தியசாலைக் கடிதத் தலைப்பு, கையொப்பம், பிடிஎஃப், ஆங்கிலம். எத்தனை கடிதம் வேண்டுமானாலும் சேர்க்கலாம், ஒரு புரோகிராமுக்கு நான்குக்கு மேல் இணைக்க முடியாது, உங்கள் மருத்துவபீட டீன் அனுப்புகிற கடிதம் இந்தக் கணக்கில் வராது. பெண்நோயியல் மகப்பேறு துறைக்குப் போகிறவர்கள் கவனம், அவர்களின் விண்ணப்பம் இப்போது வேறு தளத்தில்.

செப்டம்பர் கடைசியில் புரோகிராம்கள் விண்ணப்பங்களைத் திறக்கும், ஆகவே நீங்கள் சேரிடம் சொல்கிற கடைசித் திகதி ஓகஸ்ட் நடுப்பகுதியாக இருக்கட்டும். படிவத்தை ஈமெயிலில் அனுப்பியதோடு விடாமல் அச்சடித்தும் கையில் கொடுங்கள், ஈமெயில் ஸ்பாமுக்குள் கிடந்து ஒரு மாதம் போன கதை எனக்குத் தெரியும். நிபுணர்மாருக்கு இடமாற்றமும் வரும், வெளிநாடும் போவார்கள், ஆகவே அவர் ஊரை விட்டுப் போக முன்னமே தனிப்பட்ட இலக்கத்தை வாங்கி வையுங்கள். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை ஞாபகப்படுத்தலாம், அதற்கு மேல் வேண்டாம். ஏற்றிவிட்டார் என்று தளத்தில் காட்டினால் அன்றைக்கே ஒரு நன்றி. மார்ச் நடுவில் மேட்ச் (யாருக்கு எந்தப் புரோகிராமில் இடம் என்கிற) முடிவு வந்ததும், கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் ஒரு கோல் எடுங்கள், கிடைக்காதவர் அடுத்த ஜூனில் அதே சேரின் அறைக்குத்தான் திரும்பப் போக வேண்டும்.